மகன் இருக்கிறானா என்று கேட்டார்கள்

சர்க்காரில் வயசானவர்களுக்கு மாதம் இருபது ரூபாய் தருகிறார்கள் என்று எங்களுக்குச் சொன்னவர் தபால்காரர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் பாதியைத் தாண்டிய சமயம். எங்கள் தெருவுக்குக் கடிதம் வருவது அபூர்வம். ஆனால் அடுத்த ஊருக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி எங்கள் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். அப்படி ஒருநாள், என் மாமியார் சுவரைத் தடவிக்கொண்டு சொம்போடு வருவதைப் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா, கண்ணு சுத்தமா போய்டுச்சா?"

"நெழலு மாரி தெரியுது நைனா. ஆளு தெரியாது. கொரலு தெரியும்."

அவர் தண்ணீரைக் குடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "பக்கத்து ஊர்ல ரெண்டு பேருக்கு மாசாமாசம் மணியார்டர் நான்தான் குடுக்கிறேன். ஆதரவு இல்லாத வயசானவங்களுக்குன்னு கெவர்மெண்டு தர்றது. நீ கணக்குப்புள்ளயப் போய்ப் பாரு."

எங்கள் நிலைமை இதுதான். திருவள்ளூருக்கும் காக்களூருக்கும் நடுவில், ஏரிக்கரையை ஒட்டி ஓர் அறை மட்டும் உள்ள கூரை வீடு. மாமனார் இறந்து வெகுநாளாயிற்று. என் கணவர் லாரியில் கிளீனராகப் போனவர், முதலில் மாதம் ஒரு தடவை வந்தார், பிறகு பொங்கலுக்கு மட்டும் வந்தார், பிறகு வரவில்லை. எங்களுக்குக் குழந்தை இல்லை. என் பிறந்த ஊர் ஆர்.கே.பேட்டைப் பக்கம். அம்மா போன பிறகு அங்கே அண்ணியின் ராஜ்யம். நான் இந்த வீட்டிலேயே இருந்துவிட்டேன். புருஷன் ஊரில் இல்லாதபோதும் மாமியாரை விடாமல் வைத்துக் காப்பாற்றுகிறாள் என்று தெருவில் என்னைப் பெருமையாகச் சொல்வார்கள். எனக்குப் போக வேறு இடம் இல்லை. அதுதான் உண்மை.

முதலில் நடவு, களையெடுப்பு என்று போய்க்கொண்டிருந்தேன். காக்களூர்ப் பக்கம் சின்னச் சின்னப் பட்டறைகள் வர ஆரம்பித்தபோது, நட்டு போல்ட்டு செய்கிற ஒரு பட்டறையில் பெண்களை எடுத்தார்கள். எட்டாவது வரை படித்திருந்ததால் பெட்டியின் மேல் அளவு எழுதி ஒட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. கழனி வேலையைவிட உடம்புக்கு நோகாத வேலை. ஆனால் ஒருநாள் போகாவிட்டால் அந்த நாள் கூலி இல்லை, இரண்டு நாள் போகாவிட்டால் மேஸ்திரி முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார்.

கணக்குப்பிள்ளை ஊர்க் கணக்குகளை எழுதுகிறவர், எங்களை வாசலில் நிற்க வைத்தே பேசுகிறவர். ஆனாலும் மோசமானவர் இல்லை. வயசுக்குச் சான்று கொண்டு வா என்றார். மாமியாருக்குத் தன் வயசு தெரியாது. பெரிய வெள்ளம் வந்த வருஷம் கல்யாணம் ஆயிற்று என்பாள், எந்த வெள்ளம் என்று யாருக்கும் தெரியவில்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, தோலைக் கிள்ளிப் பார்த்து, அறுபத்தைந்துக்கு மேல் என்று எழுதிக் கொடுத்தார். அதற்கே மூன்று தடவை நடந்தோம்.

விசாரணைக்குக் கணக்குப்பிள்ளை வந்த அன்று மாமியார் காய்ச்சலில் உள்ளே சுருண்டு கிடந்தாள். அவர் வெளியே நின்றபடி என்னைக் கேட்டார்.

"மகன் எங்கே இருக்கான்?"

"தெரியாதுங்க. லாரில போனாரு. ரெண்டு வருஷமா ஒரு சேதியும் இல்ல."

"பணம் ஏதாவது அனுப்பறானா?"

"இல்லீங்க."

அவர் எழுதிக்கொண்டார். 'மகன் இருக்குமிடம் தெரியவில்லை, உதவி ஏதும் இல்லை' என்று எழுதியிருப்பார். என்ன எழுதினார் என்று மாமியாருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டது அன்றைக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

ஆறு மாதம் கழித்து முதல் மணியார்டர் வந்தது. தபால்காரர் அவள் கட்டைவிரலைப் பிடித்து மையில் அழுத்தி, தாளில் வைத்தார். இரண்டு பத்து ரூபாய் நோட்டுகளை அவள் கையில் கொடுத்தார். அவள் அவற்றை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். வாழ்க்கையில் அவள் பெயருக்கு வந்த முதல் தபால் அது. அன்று எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காசு கொடுத்துக் கருவாடு வாங்கி வரச் சொல்லி, தடவித் தடவி அவளே குழம்பு வைத்திருந்தாள். நான் வேலையிலிருந்து வந்ததும், "இன்னிக்கு என் ஊட்டுச் சாப்பாடு, துன்னு" என்றாள். அதுவரை நான் கொண்டு வந்து போடுவதை அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கொஞ்சமாகத்தான் சாப்பிடுவாள். போதும் போதும் என்பாள். பணம் வர ஆரம்பித்த பிறகு, இன்னும் கொஞ்சம் போடு என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்கு முன்னால் அவள் பசியோடுதான் போதும் என்று சொல்லியிருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

இரண்டு வருஷம் போல இது தடையில்லாமல் வந்தது. பிறகு ஒரு மாசி மாதத்தில் தபால்காரர் இன்னொரு மணியார்டர் கொண்டு வந்தார். புதுவாயல் தபாலாபீஸ் முத்திரை. அனுப்பியவர் என் கணவர். இருபத்தைந்து ரூபாய். கீழே துண்டுச் சீட்டில் யாரோ எழுதிக் கொடுத்த கையெழுத்தில், "அம்மாவுக்கு, நான் சௌக்கியம். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்" என்று இருந்தது. என் பெயர் அதில் இல்லை.

நான் பட்டறையில் இருந்தபோது வந்தது. சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பும்போதே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். மாமியார் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு வீடு விடாமல் போயிருக்கிறாள். துண்டுச் சீட்டை நீட்டி, படிக்கத் தெரிந்தவர்களைப் படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். என்னிடமும் நீட்டினாள்.

"படி."

படித்தேன்.

"இன்னொரு தபா படி."

படித்தேன். அவள் அந்தச் சீட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள். "எம் புள்ள மறக்கல பார்த்தியா" என்றாள். இதனால் சர்க்கார் பணத்துக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன். ஆனால் அவள் முகம் அப்படி இருந்தபோது என்ன சொல்ல முடியும்? அந்தப் பணத்தில் அவருக்கென்று ஒரு லுங்கி வாங்கி வைக்கச் சொன்னாள். வாங்கி வைத்தேன்.

அடுத்த மாதமும் அதற்கடுத்த மாதமும் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. சர்க்கார் பணம் மட்டும் வந்தது. அதற்கப்புறம் அதுவும் நின்றது.

முதல் மாதம் தாமதம் என்று நினைத்தோம். இரண்டாம் மாதம் தபால்காரர் எங்கள் வாசலில் நிற்காமலே போனார். அவருக்குச் சங்கடம். மூன்றாவது மாதம் நானே ஓடிப்போய் அவரை மறித்தேன்.

"எனக்குத் தெரியாதும்மா. ஆபீஸ்லர்ந்து வந்தாத்தானே நான் குடுக்கறதுக்கு? தாலுகா ஆபீஸ்ல கேளு."

ஒருநாள் கூலியை விட்டுவிட்டுத் திருவள்ளூர் தாலுகா ஆபீசுக்குப் போனேன். பென்ஷன் பார்க்கிற குமாஸ்தா ஒரு தடித்த ரிஜிஸ்டரைப் புரட்டி, ஒரு வரியின் மேல் விரலை வைத்தார். சிவப்பு மையில் அடித்திருந்தது.

"மகன் ஆதரவு இருக்குன்னு ரெவின்யூ இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட். நிறுத்தியாச்சு."

"அவரு எதுவும் அனுப்பறதில்லீங்க."

"அந்த அம்மாவே சொல்லியிருக்காங்களே. கைரேகை வச்சிருக்காங்க."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். மாமியாரிடம் கேட்டபோது அவள் மறைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை, பணம் வாங்குகிறவர்களை வரிசையாக நிறுத்தி விசாரிக்க இன்ஸ்பெக்டர் வருவார். முந்தின தடவை ஆள் இருக்கிறாளா என்று மட்டும் பார்த்துக் கைரேகை வாங்கிக்கொண்டு போனார்கள். அந்தத் தடவை நான் பட்டறையில் இருந்தேன். சாவடி முன்னால் ஊரே கூடியிருக்க, அவர் கேட்டிருக்கிறார், மகன் இருக்கிறானா, பணம் அனுப்புகிறானா என்று.

"நீ இன்னா சொன்ன?"

"ஏன் அனுப்பாத, எம் புள்ள ராஜா மாரி அனுப்பறான்னு சொன்னேன்."

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த பையைத் தரையில் போட்டேன். "ஒரே ஒரு தபா அனுப்புனதுக்கு ராஜாவா? மாசாமாசம் வந்துக்கினு இருந்தத கெடுத்துக்கினியே அத்தே! இல்லன்னு ஒரு வார்த்த சொன்னா இன்னா?"

அவள் உட்கார்ந்த இடத்திலிருந்து அசையவில்லை. என் குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினாள்.

"நாலு பேர் எதிர்ல, பெத்தவ வாயால, எம் புள்ள எனக்குச் சோறு போடலன்னு சொல்லணுமா? அப்படிச் சொல்லித்தான் அந்தப் பணத்த வாங்கணுமா?"

அப்படிச் சொல்லித்தான் வாங்கிக்கொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரியாது. சொன்னது நான். அன்று அதையும் சொல்லிவிட்டேன். காய்ச்சலில் அவள் கிடந்தபோது கணக்குப்பிள்ளையிடம் என்ன சொன்னேன் என்று சொன்னேன். சோறு போட்டு வைத்தபோது கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு, போதும் என்றாள்.

அதற்குப் பிறகு எட்டு மாதம் அலைந்தேன். எத்தனை தடவை தாலுகா ஆபீசுக்குப் போனேன் என்று கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. முதல் மனு எழுதினேன், தமிழில் தப்பில்லாமல்தான் எழுதினேன், அதன்மேல் நடவடிக்கை இல்லை. இரண்டாவது மனுவைக் கணக்குப்பிள்ளைக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்கள். கணக்குப்பிள்ளையைக் கேட்டால் வரவில்லை என்றார். குமாஸ்தா மாறினார். புதுக் குமாஸ்தா, ஆரம்பத்திலிருந்து சொல்லு என்றார். சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே அது யாருடைய கதையோ போலாகிவிட்டது. பட்டறையில் மேஸ்திரி, "உனக்கு வேல வேணுமா, ஆபீஸ் வேணுமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை.

கடைசியில் அந்தப் புதுக் குமாஸ்தாதான் ஒரு வழி சொன்னார். வயசில் சின்னவர், கொஞ்சம் இரக்கப்பட்டவர். "அம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்டயே எழுதி வாங்கிட்டு வாங்க. எனக்கு வருமானம் பத்தல, அம்மாவைக் காப்பாத்த முடியலன்னு ரெண்டு வரி. கையெழுத்து போட்டாப் போதும். நான் மேலே அனுப்பிடறேன்."

மணியார்டரில் புதுவாயல் முத்திரை இருந்ததே. அதை நம்பிக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். பெரியபாளையத்தில் இறங்கி வேறு பஸ் பிடித்து, கல்கத்தா ரோடு சேருகிற இடத்தில் இறங்கினபோது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. மூன்று டீக்கடைகளில் கேட்டேன். நாலாவது கடையில் ஒரு பஞ்சர் கடையைக் காட்டினார்கள்.

அவர் ஒரு டயருக்கு முன்னால் குந்திக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையை லுங்கியில் துடைத்தார். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கடைக்குப் பின்னால் தட்டி கட்டிய வீடு. அங்கிருந்து ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு எட்டிப் பார்த்தாள். நான் அழுவேன் என்றோ கத்துவேன் என்றோ அவர் நினைத்திருக்க வேண்டும். எனக்கு எதுவும் வரவில்லை. இரண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்ததில் கால் கடுத்தது, உட்கார ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தேன். அந்தப் பெண்தான் ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டாள். தண்ணீரும் கொடுத்தாள். தெலுங்கு கலந்து, "கூசோ அக்கா" என்றாள்.

"நாஷ்டா பண்ணியா?" என்று கேட்டார் அவர்.

"நான் துன்ன வரல. உங்கம்மாவுக்கு வந்த சர்க்கார் பணத்த நிறுத்திட்டாங்க. நீ ஒரு தபா அனுப்புனியே, அதால."

விஷயத்தைச் சொன்னேன். காகிதத்தை எடுத்தேன். நானே எழுதி எடுத்துப் போயிருந்தேன், அவர் கையெழுத்து மட்டும் போட வேண்டும். படித்துக் காட்டினேன். அவர் முகம் சிவந்தது.

"என் தாயை என்னால காப்பாத்த முடியாதுன்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நான் இன்னா மனுசனா, மாடா? நாளைக்கு ஊர்ல எவனாவது பார்த்தா இன்னா சொல்வான்?"

"அப்ப மாசாமாசம் அனுப்பு."

"அனுப்பறேன். அடுத்த மாசத்துலர்ந்து கரெக்டா அனுப்பறேன்."

"அனுப்புவேன்னும் சொல்ற, கையெழுத்தும் போட மாட்டேன்ற. ரெண்டுல ஒண்ணு செய். எதுவும் செய்யலன்னா அந்தக் கிழவி இன்னா துன்னும்?"

"நீதான் வேலைக்குப் போறியே" என்றார்.

அந்தப் பெண் உள்ளே போய்விட்டாள். குழந்தை மட்டும் கதவைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பத்து ரூபாயை எடுத்து என் கையில் திணித்தார். அம்மாவுக்குப் பழம் வாங்கிக் கொடு என்றார். காகிதத்தை மடித்து என்னிடமே கொடுத்தார். நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார் என்று நினைக்கிறேன். நான் திரும்பவில்லை.

பஸ்ஸில் வரும்போது நான் யோசித்தது அவரைப் பற்றியோ அந்தப் பெண்ணைப் பற்றியோ அல்ல. இந்தப் பத்து ரூபாயைப் பற்றி மாமியாரிடம் சொல்லலாமா வேண்டாமா என்பதுதான். சொன்னால் மறுபடியும் ஊரெல்லாம் சொல்லுவாள். அரிசியும் சாத்துக்குடியும் வாங்கிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். "பார்த்தியா?"

"இல்லத்தே. லோடு எடுத்துக்கினு நெல்லூர் பக்கம் போயிருக்காராம்."

அவள் தலையை ஆட்டினாள். நான் அடுப்பு மூட்டி உலை வைத்தேன். சாத்துக்குடியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எளச்சிட்டானா?"

எனக்கு இன்னொரு பொய் சொல்லத் தெம்பில்லை. "இல்லத்தே. நல்லாத்தான் கீறாரு" என்றேன்.

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எல்லாவற்றையும் சொல்லியிருப்பேன். அது தெரிந்துதான் கேட்கவில்லை போலும்.

அடுத்த மாதம் அவர் அனுப்பவில்லை.

வைகாசியில் ஜமாபந்தி வந்தது. வருஷத்துக்கு ஒருமுறை பெரிய அதிகாரி தாலுகா ஆபீசுக்கு வந்து உட்கார்ந்து கிராமக் கணக்குகளைப் பார்ப்பார், ஜனங்களிடம் நேரில் மனு வாங்குவார். கிழவியையும் கூட்டி வாங்க, நேரில் பார்த்தால்தான் வேலை நடக்கும் என்று அந்தச் சின்னக் குமாஸ்தா சொல்லியனுப்பியிருந்தார். மாமியார் வர மறுத்தாள். ஒருநாள் முழுக்கக் கெஞ்சினேன். "நீ ஒண்ணும் சொல்ல வேணாம். வந்து நில்லு, போதும்" என்ற பிறகுதான் புடவையை மாற்றிக்கொண்டாள்.

பந்தல் போட்டிருந்தார்கள். பந்தலுக்கு வெளியேயும் வரிசை நீண்டது. பட்டா கேட்டு வந்தவர்கள், வாய்க்கால் தகராறுக்காரர்கள், ஒரு கால் இல்லாதவர் ஒருவர், கைக்குழந்தையோடு பெண்கள். எங்கள் ஊர்க்காரர்களும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கணக்குப்பிள்ளை கட்டுக்கட்டாகக் கணக்குப் புத்தகங்களோடு ஓரமாக நின்றிருந்தார். எங்கள் முறை வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மாமியார் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றே இருந்தாள். தரையில் உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றாள்.

அதிகாரி களைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே மனுவைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை முன்னால் வந்து, "மகன் இருக்கான் சார். பணம் அனுப்பறதா அந்த அம்மாவே ஸ்டேட்மெண்ட் குடுத்திருக்கு" என்றார்.

அதிகாரி மாமியாரைப் பார்த்தார். "பாட்டி, உங்களுக்கு மகன் இருக்காரா?"

"கீறான் சாமி."

"உங்களைக் கவனிச்சுக்கறாரா?"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என் தோளில் இருந்த கை இறுகியது. பின்னால் எங்கள் ஊர்க்காரர்கள் நிற்பது அவளுக்குத் தெரியும். அவர்கள் பேச்சுக் குரல் வந்துகொண்டுதான் இருந்தது.

அப்போது நான் பேசினேன். முன்பே யோசித்து வைத்ததில்லை. "அவரு என்னோட வீட்டுக்காரருங்க. என்னை உட்டுட்டுப் போய் அஞ்சு வருஷத்துக்கு மேல ஆவுது. வேற குடும்பம் வச்சிக்கினு புதுவாயல்ல கீறாரு. நான் போய்ப் பார்த்துட்டு வந்தேன். எனக்கும் ஒண்ணும் தர்றதில்ல, அவங்கம்மாவுக்கும் ஒண்ணும் தர்றதில்ல. ஒரே ஒரு தடவ அனுப்புனாரு. அதச் சொல்லித்தான் நிறுத்திட்டாங்க."

பின்னால் பேச்சு நின்றுவிட்டது. அத்தனை வருஷமாக ஊரிலும் பட்டறையிலும், வீட்டுக்காரர் லாரியில் தூரதேசம் போயிருக்கிறார் என்றுதான் சொல்லி வந்தேன். எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் நான் வாயால் சொன்னதில்லை, அதனால் யாரும் என்னிடம் கேட்டதில்லை. பந்தலுக்குள் நின்று, நெற்றியில் பொட்டோடும் கழுத்தில் தாலியோடும் அதைச் சொன்னபோது, மாமியார் அன்றைக்குச் சாவடி முன்னால் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு விளங்கியது.

அதிகாரி மறுபடியும் அவளைக் கேட்டார். "பாட்டி, இவங்க சொல்றது நிஜமா?"

"அவ சொன்னா சொன்னதுதான் சாமி" என்றாள்.

அவர் மனுவின் ஓரத்தில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். மருமகளிடம் வாக்குமூலம் வாங்கி உடனே அனுப்பும்படி கணக்குப்பிள்ளையிடம் சொன்னார். அடுத்த ஆள் வந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் இடம் கிடைத்தது. அவளை ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். ஊர் வரப்போகிற சமயத்தில், "நீ சொல்லிட்ட. நான் சொல்லல" என்றாள்.

"ஆமா அத்தே. நீ சொல்லல."

கணக்குப்பிள்ளை நாலு நாளில் வாக்குமூலம் எழுதிக்கொண்டு வந்தார். 'கணவரால் கைவிடப்பட்டவளாகிய நான்' என்று ஆரம்பித்திருந்தார். படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். பட்டறைக்குச் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. ஒரு வாரம் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். பிறகு அதுவும் பழகிவிட்டது.

மூன்று மாதம் கழித்துப் பணம் மறுபடியும் வர ஆரம்பித்தது. விட்டுப்போன மாதங்களுக்கு ஒன்றும் கிடையாது என்றார்கள். கேட்டுப் போராட எனக்கு மனமில்லை. தபால்காரர் அவள் விரலை மையில் அழுத்தும்போது, "இந்தத் தபா யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லாதம்மா" என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் விசாரணை நாளில் கூலியை விட்டுவிட்டு நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஆள் மாறி ஆள் வந்தார்கள். மகன் இருக்கிறானா என்று ஒவ்வொருவரும் புதிதாகக் கேட்டார்கள். அவள் முகத்தை என் பக்கம் திருப்புவாள். நான் பதில் சொல்வேன். அதே வாக்கியங்கள்தான். எந்த வருஷமும் அது சுலபமாகவில்லை, ஆனால் சீக்கிரம் முடிந்தது. ஒரு வருஷம், இந்த இருபது ரூபாய்க்காக இன்னும் எத்தனை தடவை இதைச் சொல்ல வேண்டும் என்று சலித்துப்போய், வேண்டாம் என்று விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தேன். ராத்திரி அவள் தட்டை நீட்டி இன்னும் கொஞ்சம் கேட்டாள். மறுநாள் போய் நின்றேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஓர் ஆடி மாதத்தில் அவள் இறந்தாள். பெரிதாக நோய் ஒன்றும் இல்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை, மூன்றாம் நாள் காலையில் கூப்பிட்டபோது குரல் வரவில்லை. புதுவாயலுக்கு ஆள் அனுப்பினேன். அவர் வந்தார். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். அது பொய்யழுகை இல்லை. கொள்ளி வைத்தார், பதினாறு நாளும் இருந்து காரியம் செய்தார். வந்தவர்களிடமெல்லாம், "நான் மாசாமாசம் அனுப்பிக்கினுதான் இருந்தேன்" என்றார். கேட்டவர்கள் என்னைப் பார்த்தார்கள். அந்த ஊரில் இனிமேல் உண்மையை நான் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

கிளம்பும் அன்று காலையில், "நீ இனிமே இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார்.

"வேலைக்குப் போவப் போறேன்."

அவர் இன்னும் ஏதோ கேட்க நினைத்தவர்போல நின்றார். அந்தச் சமயம் பார்த்துத் தபால்காரர் வந்தார். அவள் பெயருக்கு அந்த மாதத்து மணியார்டர். வெளியூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தவர், அவள் போனது தெரியாமல் சைக்கிளை நிறுத்தி, "எங்கேம்மா கெழவி?" என்று கேட்டுக்கொண்டே மைப்பெட்டியை எடுத்தார். பிறகு என் கணவரின் மொட்டைத் தலையைப் பார்த்துவிட்டு மைப்பெட்டியைப் பைக்குள் போட்டார்.

"எங்கம்மா பணம்தானே, நான் வாங்கிக்கறேன் குடுங்க" என்றார் என் கணவர்.

"அது முடியாதுப்பா. அவங்க இல்லன்னா கெவர்மெண்டுக்கே திரும்பிப் போவணும்."

அவர் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். தபால்காரர் படிவத்தின் மேல் ஏதோ எழுதினார். சாட்சிக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

பட்டறைக்கு அன்றே திரும்பி வருவதாகச் சொல்லியிருந்தேன். போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, பகல் முழுக்க, பொழுது சாயும் வரை தூங்கினேன்.